மூலைமட்டம் கடையில் கைபட்ட படம்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருக்கத்தான் செய்தது. ஆனால் தெருவில் யாரைக் கேட்டாலும், “மூலைமட்டமா, அதோ அந்தக் கடை” என்றுதான் கைகாட்டுவார்கள். மூலை நேராக இருக்கிறதா என்று தச்சர் வைத்துப் பார்க்கும் கருவியின் பெயர், சும்மா ஒட்டிக்கொண்ட பட்டம் இல்லை அது. யார் வீட்டுக்குப் போனாலும் மனுஷர் உட்காருவதற்கு முன்னால் சுவரைத்தான் பார்ப்பார். மாட்டியிருக்கும் படம் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் அவருக்கு இருப்புக்கொள்ளாது. துக்கம் கேட்கப் போன வீட்டில், அழுதுகொண்டிருந்தவர்களைத் தாண்டிப் போய், சுவரில் கோணலாகத் தொங்கிய காலண்டரை நேராக்கிவிட்டு வந்து, அதற்குப் பிறகு துக்கம் கேட்டவர். அன்றைக்கு அவர் மனைவிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வெளியே வந்ததும் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

படங்களுக்குச் சட்டம் போடும் கடை அவருடையது. முன்னறையில் கண்ணாடிப் பலகைகள் சுவரோரம் செங்குத்தாக நிற்கும். நடுவில் பெரிய மேஜை, அதன் மேல் கம்பளித் துணி, அதன் மேல் அளவுகோல், கண்ணாடி வெட்டும் பேனா, சின்னச் சின்ன ஆணிகள் கொட்டிய தகர டப்பா. மரத்தை நாற்பத்தைந்து பாகையில் அறுத்து நான்கு மூலையும் ஒன்றோடொன்று பொருந்தும்போது நடுவில் முடி நுழையக்கூட இடம் இருக்காது. சும்மா சொல்லக் கூடாது, வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. வாசலுக்கு நேரே ஒரு பலகை தொங்கும். ‘ஓவியத்தை நாங்கள் தொடுவதில்லை. அதைச் சுற்றி இருப்பதை மட்டுமே தொடுவோம்.’ அவரே எழுதிய வாசகம். வருகிறவர்களிடம் வாய் நிறையப் படித்தும் காட்டுவார்.

பின்னறைதான் வீடு. அங்கே படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டை அடுக்கும் அலமாரியின் தலையில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி ஆனால் அந்தக் குடும்பத்துக்கு உலகத்தில் வேறு வேலையே கிடையாது. ‘அசலா, நகலா’ ஆரம்பித்துவிடும்.

யாராவது ஒருவர் வீட்டில் பரம்பரையாகத் தொங்கும் ஓவியத்தைத் தூக்கிக்கொண்டு வருவார். பெரிய ஓவியர் வரைந்தது என்பார். நிகழ்ச்சியில் இரண்டு பேர் விசாரிப்பார்கள். ஒருவர் ஓவிய நிபுணர். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார், அதனால் அவருக்கு இந்த வீட்டில் பெயர் சங்கிலிக் கண்ணாடி. இன்னொருவர் வெள்ளைக் கோட்டு போட்ட பெண். வண்ணத்தில் கடுகளவு சுரண்டி எடுத்துப் பரிசோதிப்பார். அவர் லேப் அம்மா. இரண்டு பெயரையும் வைத்தவள் மூலைமட்டத்தின் மனைவி. கடைசியில் சங்கிலிக் கண்ணாடி தொண்டையைக் கனைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வார். அதற்கு முன் ஒரு விளம்பர இடைவேளை வரும். அந்த இடைவேளையில் அப்பா, அம்மா, மகள் மூவரும் ஆளுக்கொரு துண்டு அட்டையில் ‘அ’ அல்லது ‘ந’ எழுதிக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். பிறகு பேச்சு மாறக் கூடாது.

மூலைமட்டம் படத்தைப் பார்க்கவே மாட்டார், சட்டத்தைத்தான் பார்ப்பார். ஆணியின் துரு, மரத்தின் நிறம், பின்பக்கக் காகிதம், இது போதும் அவருக்கு. பத்துக்கு எட்டு சரியாகச் சொல்வார். மகள் பின்னணி இசையைக் கேட்டு எழுதுவாள். வயலின் இழுத்தால் நகல், புல்லாங்குழல் வந்தால் அசல் என்பது அவள் கணக்கு. அதுவும் பாதிக்கு மேல் பலித்தது. மனைவியின் அட்டையைத் திருப்பிப் பார்க்கவே தேவையில்லை. எப்போதும் ‘அ’தான். கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்த்து எழுதுகிறவள் அவள். தீர்ப்பு நகல் என்று வந்துவிட்டால் சங்கிலிக் கண்ணாடியை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். அந்த மனிதர் பெட்டிக்குள் இருந்ததால் பிழைத்தார். சில நாள் வாடிக்கையாளர்களும் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்துவிடுவார்கள், அவர்களுக்கும் ஒரு துண்டு அட்டை கிடைக்கும். டீ ஆறிப் போகும். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

எப்பேர்ப்பட்ட மாலைகள் அவை. இப்போது மனைவி போய் நான்கு வருடம் ஆகிறது. மகள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். ஆனாலும் ஞாயிறு ஆறு மணிக்குச் சரியாகத் தொலைபேசியில் கூப்பிடுவாள். அங்கே அவளும் இங்கே அவரும் ஒரே நேரத்தில் பெட்டியைப் பார்த்தபடி, இடைவேளையில் ஆளுக்கொன்று சொல்வார்கள். அப்புறம் இரண்டு பேருமே ஒரு கணம் பேசாமல் இருப்பார்கள். மூன்றாவது ஆள் சொல்ல வேண்டிய இடம் அது.

கடைக்கு நான்கு கடை தள்ளி ஒரு பொத்தான் கடை. பொத்தான், ஜிப்பு, நூல்கண்டு, எலாஸ்டிக் எல்லாம் அங்கேதான். கடைக்காரம்மாவுக்கு மூலைமட்டம் அண்ணா, அவருக்கு அவள் தங்கச்சி. அவளுடைய அம்மா சிறுபெண்ணாக இருந்த காலத்தில் அவர்கள் வீட்டு மாடியறையில் ஓர் ஓவியர் குடியிருந்தாராம். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற அதே ஓவியர்தான். ஒரு மழை வாரத்தில் வெளியே போக முடியாமல், நீலத் திரை போட்ட ஜன்னலோரம் அந்தப் பெண்ணை உட்காரவைத்து ஒரு படம் வரைந்து கொடுத்துவிட்டுப் போனாராம். படத்தில் கையெழுத்து இல்லை. அந்த அம்மா உயிரோடு இருந்தவரை இந்தக் கதையைச் சொல்லாத ஆள் இல்லை. தெருவில் எல்லோரும் தலையாட்டிக் கேட்பார்கள், அவள் அந்தப் பக்கம் போனதும் கண்ணடித்துக்கொள்வார்கள். அந்த அம்மா அதைப் பார்த்தே இருக்கிறாள். கண்மூடும் முன் மகளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டாள். “நான் பொய் சொல்லலன்னு நீயாவது எல்லாருக்கும் காட்டிடு.”

அதற்காகத்தான் பொத்தான் கடைக்காரம்மா படத்தை ‘அசலா, நகலா’வுக்கு அனுப்பினாள். கட்டிக்கொடுத்தது யார்? நம் மூலைமட்டமேதான். நான்கு மூலைக்கும் அட்டைக் காப்பு வைத்து, துணி சுற்றி, பெட்டியில் இறக்கினார். இறக்கும் முன் நீலத் திரையின் இடது கீழ்மூலையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அவருக்கே எது எங்கே என்று தெரியவில்லை. சரி, யாருக்குத் தெரியப்போகிறது என்று மூடியை ஆணியடித்துவிட்டார். அந்த நேரத்தில் வாயைத் திறந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

விஷயம் இதுதான். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் பொத்தான் கடைக்காரம்மாவின் அம்மா, அந்தப் பெரியம்மா, புதுச் சட்டம் போட அந்தப் படத்தைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். வேறொரு படத்துக்குக் கண்ணாடி வெட்டும்போது பலகை மூலைமட்டத்தின் கையிலிருந்து வழுக்கி, படத்தின் மூலையில் இறங்கியது. உள்ளங்கை அகலத்துக்கு வண்ணம் பெயர்ந்து துணி தெரிந்தது. அவருக்குக் கைகால் ஓடவில்லை. கடையைப் பூட்டிவிட்டு எங்காவது போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. மனைவி வந்து பார்த்தாள். திட்டவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கு முந்தின ஞாயிறுதான் ‘அசலா, நகலா’வில் ஒருவர் பழைய படத்தை மூன்று மயிர்த் தூரிகையால் ஒட்டுப்போடுவதைக் காட்டியிருந்தார்கள். அவள் அதைக் கண்கொட்டாமல் பார்த்திருந்தாள். கடைச் சுவருக்கு அடித்து மிஞ்சிய வெள்ளை பிளாஸ்டிக் பெயிண்ட் ஒரு டப்பா இருந்தது, மகளின் பள்ளிக்கூட வண்ணப் பெட்டியில் நீலம் இருந்தது. இரண்டையும் குழைத்து, இரண்டு மத்தியானம் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்து, திரையின் மடிப்பை மடிப்பாகவே வரைந்துவிட்டாள். பெரியம்மா வந்தாள், பார்த்தாள், வேலை சுத்தம் என்றாள், வாங்கிக்கொண்டு போனாள்.

அப்புறம் விட்டாளா? கைக்கு ருசி கண்டுவிட்டது. அடிபட்ட படம் எது வந்தாலும், பாவம் இப்படியே எப்படி அனுப்புவது என்று கமுக்கமாகத் தொட்டுவிடுவாள். முன்னறையில் அவர் பலகையைப் படித்துக் காட்டிக்கொண்டிருப்பார், பின்னறையில் அவள் தொட்டுக்கொண்டிருப்பாள். அவர் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார். அதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது, மறைத்து என்ன பயன்?

அந்த ஞாயிறு வந்தது. தெருவே அவரவர் வீட்டுப் பெட்டி முன்னால். பொத்தான் கடைக்காரம்மா நல்ல உடையில், கையைக் கோத்துக்கொண்டு, பெட்டிக்குள் நின்றாள். சங்கிலிக் கண்ணாடி படத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். முகம் அவர் கைதான் என்றார், ஜன்னல் வெளிச்சம் அவர் கைதான் என்றார். கடைக்காரம்மாவின் முகம் மலர்ந்துகொண்டே போனது. பிறகு லேப் அம்மா பேசினார். முகத்தில் மட்டும் கத்தி வைக்க வேண்டாம் என்று உரிமையாளர் கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால், ஒரே ஒரு துளியை, படத்திலேயே மிக நல்ல நிலையில் இருந்த திரையின் இடது கீழ்மூலையிலிருந்து எடுத்ததாகச் சொன்னார். அந்த மூலையைத் தொலைக்காட்சி முழுக்கப் பெரிதாக்கிக் காட்டினார்கள். சங்கிலிக் கண்ணாடி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, இந்த மடிப்பைப் பாருங்கள், எவ்வளவு துணிச்சலான கை என்றார்.

மூலைமட்டத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பக்கத்தில் திரும்பி, கேட்டியா என்று சொல்லப் போனார். பக்கத்தில் யாரும் இல்லை. அதற்குள் லேப் அம்மா அடுத்ததைச் சொல்லிவிட்டார். நீலத்தில் கலந்திருக்கும் இந்த வெள்ளை, சுவருக்கு அடிக்கிற பிளாஸ்டிக் பெயிண்ட், ஓவியர் இறந்து பல வருடம் கழித்துத்தான் கடைக்கே வந்தது. எனவே படம் நகல். திறமையான ஒரு மோசடிக்காரரின் வேலை. பொத்தான் கடைக்காரம்மாவின் முகத்தை அதற்கு மேல் அவரால் பார்க்க முடியவில்லை. தொலைபேசியில் மகள் அப்பா அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது கொடுமை. தெருவில் வாய் சும்மா இருக்குமா? பழைய கதையெல்லாம் தூசி தட்டி எடுக்கப்பட்டது. ஓவியர் மாடியில் இருந்தாராம், கீழே இவர்களே மாவு மாதிரி கதை அரைத்தார்களாம். சலவைக் கடைக்காரர், “நீலத் திரையா, சுண்ணாம்பு அடிச்ச திரையா?” என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். பொத்தான் கடைக்காரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு எலாஸ்டிக் அளந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்த படத்தைச் சுவரில் மாட்டவில்லை, பெட்டியோடு ஒரு மூலையில் நிறுத்தியிருந்தாள். மூலைமட்டம் நூல் வாங்கப் போனபோது தலை நிமிராமல் கேட்டாள்.

“எங்கம்மா பொய் சொல்லியிருப்பாங்களா அண்ணா?”

சீச்சீ, அதெல்லாம் இருக்காது தங்கச்சி என்று முனகிவிட்டு, வாங்கிய நூலை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தார். கடைக்குள் நுழைந்தால் எதிரே அந்தப் பலகை. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். உண்மையைச் சொன்னால், நாற்பது வருடமாக ஓவியத்தைத் தொடாத மனிதர் என்று வாங்கிய பெயர் போகும். அதுகூடப் பரவாயில்லை. மனைவியை ஊர் மோசடிக்காரி என்று பேசும். பதில் சொல்ல அவளும் இல்லை. சொல்லாவிட்டால், செத்துப்போன ஒரு பெரியம்மா பொய்க்காரியாகவே இருந்துவிடுவாள். இப்படியும் அப்படியுமாக எட்டு நாள் தள்ளினார். ஒன்பதாம் நாள் காலையில், கடை திறந்ததும் திறக்காததுமாகப் போய் நின்று, ஒன்று விடாமல் சொல்லிவிட்டார்.

பொத்தான் கடைக்காரம்மா அளந்துகொண்டிருந்த நாடாவைக் கீழே வைக்கவே இல்லை. அளந்தபடியே கேட்டாள்.

“இருபத்தாறு வருஷம் சொல்லல. சரி, பயம், விட்டுடறேன். இந்த எட்டு நாள் எப்படி அண்ணா சொல்லாம இருந்தீங்க? நான் தெருவுல நடந்து போறதைப் பாத்துக்கிட்டே எப்படி இருந்தீங்க?”

அவர் மேஜையில் சிதறிக் கிடந்த பொத்தான்களை வரிசையாக நேராக்கத் தொடங்கினார்.

மன்னிப்பெல்லாம் அவள் கேட்கவில்லை. ‘அசலா, நகலா’வுக்கு வந்து அந்த இரண்டு பேர் முன்னால் சொல்ல வேண்டும் என்றாள். போனார். படப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஜன்னலோரம், பக்கத்து இருக்கையில் இவர். மூன்று மணி நேரப் பேருந்துப் பயணத்தில் அவள் வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாள். படப்பிடிப்புக் கூடம் பெட்டியில் பார்த்ததில் பாதிதான் இருந்தது. சுவரென்று நினைத்ததெல்லாம் அட்டை. சங்கிலிக் கண்ணாடி நேரில் இன்னும் குள்ளம். கேமரா ஓடும்போதுதான் இதையும் சொல்ல வேண்டும் என்றார்கள். மூலைமட்டம் தன் கையிலிருந்து கண்ணாடி வழுக்கியதில் ஆரம்பித்து, சுவர்ப் பெயிண்ட் டப்பா வரைக்கும் சொன்னார்.

சங்கிலிக் கண்ணாடி கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அந்த மூலையைத் தானே மெச்சியது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், முகத்தில் ஈயாடவில்லை. உங்கள் மனைவி எங்கே ஓவியம் படித்தார் என்று கேட்டார்.

“எங்கயும் இல்லைங்க. ஞாயித்துக்கிழமை உங்களைப் பாத்துத்தான் கத்துக்கிட்டா. உங்களைத் திட்டாத நாளும் இல்ல.”

லேப் அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். பிறகு வேலை நடந்தது. ஜன்னல் கட்டையில் ஒரு துளி, சட்டை நுனியில் ஒரு துளி எடுத்தார்கள். இந்த முறை பொத்தான் கடைக்காரம்மா தானாகவே முன்வந்து, கன்னத்தின் ஓரத்திலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். மூன்று வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டார்கள். மூன்று துளியும் ஓவியரின் காலத்து வண்ணம். அவர் வேறு படங்களில் குழைத்த அதே கலவை. சங்கிலிக் கண்ணாடி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தன் வாழ்க்கையில் முதல் முறையாகத் தான் சொன்ன தீர்ப்பைத் தானே மாற்றுவதாகச் சொன்னார். படம் அசல். பொத்தான் கடைக்காரம்மா படத்தின் முன்னால் போய் நின்று, அம்மா, அம்மா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். கேமராக்காரர்கள்கூட மூக்கை உறிஞ்சினார்கள்.

மூலைமட்டம் முன்பு சொன்னது பெட்டியில் வந்துவிட்டதால், அவர் கடைக்கு இதற்குள் ஏழு பேர் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, எங்கள் படத்தையும் உங்கள் வீட்டில் தொட்டீர்களா என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நான்கு பேருக்கு ஆமாம் என்றார். இரண்டு பேர் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். ஒருவர் படத்தை வாங்கி வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, எந்த இடம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு போனார். நான்காமவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். வாசல் பலகையை மூலைமட்டம் தானே கழற்றிப் பரணில் போட்டுவிட்டார்.

தீர்ப்பு முடிந்த கையோடு லேப் அம்மா ஒன்று சொன்னார். பின்னால் பூசிய அந்த மூலையை எடுத்துவிடுவதுதான் முறை, கீழே அசல் வண்ணம் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். உரிமையாளர் சம்மதித்தால் இப்போதே செய்துவிடலாம். பொத்தான் கடைக்காரம்மா மூலைமட்டத்தைப் பார்த்தாள். அன்றுவரை அவரோடு சரியாக முகம் கொடுத்துப் பேசாதவள்தான்.

“நீங்க சொல்லுங்க அண்ணா. எடுக்கட்டுமா?”

அவருக்கு வேண்டாம் என்று கத்த வேண்டும் போல இருந்தது. மனைவியின் துணிமணியைக் கொடுத்தாகிவிட்டது, அவள் மூக்குக் கண்ணாடி உடைந்துவிட்டது, கையெழுத்து என்று வீட்டில் ஒரு காகிதம்கூட இல்லை. அவள் கை இந்த உலகத்தில் பதிந்து கிடக்கிற இடங்களில் இதுதான் முதல் இடம், இதுதான் நல்ல இடம். ஆனால் படம் அவருடையது இல்லையே.

“எடுத்துடட்டும் தங்கச்சி” என்றார். “உங்கம்மா படத்துல எங்க தப்பு எதுக்கு?”

லேப் அம்மா குச்சியில் பஞ்சைச் சுற்றி மருந்தில் தோய்த்து மூலையில் மெல்ல உருட்டினார். இன்னொரு மருந்து. இன்னொரு பஞ்சு. அரை மணி நேரம் போனது. பஞ்சு வெள்ளையாகவே திரும்பி வந்தது. மூன்றாவது மருந்தில் ஓரமாக ஒரு பொட்டு அசைந்தது, கூடவே பக்கத்தில் இருந்த பழைய வண்ணமும் அசைந்தது. அவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டு தலையை ஆட்டினார். இதை வற்புறுத்தினால் ஓவியரையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டுதான் வரும், விட்டுவிடலாம் என்றார்.

மூலைமட்டத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அது சிரிப்பாக இல்லை. பிடித்த பிடியை விட்டவளா அவள் என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள்.

பொத்தான் கடைக்காரம்மா குனிந்து அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“எங்கம்மா வாராவாரம் இந்தப் படத்தை ஈரத்துணியால துடைக்கச் சொல்லும் அண்ணா. ஆனா இந்த மூலையை மட்டும் காஞ்ச துணியால, மெதுவா துடைக்கச் சொல்லும். ஏம்மான்னு கேட்டா, பிரேம் கடைப் பொண்ணு ரெண்டு நாள் கஷ்டப்பட்டிருக்கா, கரைச்சுடாதேன்னு சொல்லும். சட்டம் போட்டதைத்தான் சொல்லுதுன்னு நான் நினைச்சுட்டேன்.”

மூலைமட்டம் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்தப் பெரியம்மா அதற்குப் பிறகும் இருபது வருடம், கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்து, அவர் மனைவியிடம் நலம் விசாரித்துவிட்டுத்தான் போனாள். தன்னைப் பொய்க்காரி என்று தெரு சிரித்த அத்தனை வருடமும் அந்த அம்மா, மூலையில் பின்னால் பூசியிருப்பது தெரிந்தும், இதை ஒருவரிடமும் சொல்லவில்லை.